மோடத்துக்கான சீரியல் கேபிளை நாமே இணைத்துக்கொள்ளும் முறை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்து நிற்கும் பழைய வடாற்காட்டுப் பகுதியில் தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் போர்ட் இன்னும் வழக்கொழிந்துவிடவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து எடை மேடையின் இண்டிகேட்டர் பெட்டியிலும், ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளின் எடைக் கருவியிலும், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அளவியிலும் அந்த ஒன்பது பின் (ஊசி) கனெக்டரை இன்றும் காணலாம். லாரியின் எடையையோ தொட்டியின் அளவையோ முதலாளியின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும் என்றால், கணினிக்குப் பக்கத்தில் சிம் கார்டு போட்டு இயங்கும் ஒரு ஜி.எஸ்.எம். மோடத்தை வைத்து, இரண்டையும் ஒரு சீரியல் கேபிளால் இணைப்பதே இன்றும் மலிவான, நம்பகமான வழி.

அந்தக் கேபிள் அறுந்துவிட்டாலோ எலி கடித்துவிட்டாலோ, நாம் போய் நிற்கும் கடையில் முதலில் எழும் கேள்வி, "நேர் கேபிளா, கிராஸ் கேபிளா?" என்பதுதான். உறுதியான விடை தெரியாததால் இரண்டையும் வாங்கி வந்து மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பவர்களே அதிகம். ஒரு மல்டிமீட்டர் கையில் இருந்தால் இந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். விடை தெரிந்தபின் கேபிளையும் நாமே செய்துகொள்வது நல்லது, ஏனென்றால் கடையில் கிடைக்கும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் ஒன்பது ஒயர்களும் இருப்பதில்லை. வார்ப்பு பிளாஸ்டிக்கால் மூடப்பட்டிருப்பதால் உள்ளே எது விடுபட்டிருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியாது.

பெயர்கள் யாருடைய பார்வையில் வைக்கப்பட்டவை

ஆர்.எஸ்.-232 என்ற இந்தத் தரநிலை 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதன் 'சி' திருத்தம் 1969-இல் வந்தது. அது இரு தரப்புகளை வரையறுக்கிறது. தரவை உண்டாக்கி, முடிவில் வாங்கிக்கொள்ளும் கருவி டி.டி.ஈ. எனப்படும், நம் கணினி அந்த வகை. தரவைத் தொலைபேசிக் கம்பிக்கோ காற்றலைக்கோ ஏற்றவாறு மாற்றிக் கொடுக்கும் கருவி டி.சி.ஈ. எனப்படும், மோடம் அந்த வகை. இந்தத் தரநிலையிலுள்ள எல்லாப் பெயர்களும் கணினியின் பார்வையில் வைக்கப்பட்டவை என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டி.எக்ஸ்.டி., அதாவது அனுப்பும் தரவு, என்று மோடத்தில் பெயரிட்டிருக்கும் பின் வழியாக மோடம் எதையும் அனுப்புவதில்லை. கணினி அனுப்புவதை அது அங்கே வாங்கிக்கொள்கிறது. ஆர்.எக்ஸ்.டி., அதாவது பெறும் தரவு, என்று பெயரிட்ட பின் வழியாகத்தான் மோடம் பேசுகிறது.

ஆகவே கணினிக்கும் மோடத்துக்கும் இடையே எந்த ஒயரையும் குறுக்காக மாற்றத் தேவையில்லை. ஒரு பக்கத்து டி.எக்ஸ்.டி. மறுபக்கத்து டி.எக்ஸ்.டி.-க்கும், அனுப்ப அனுமதி கோரும் ஆர்.டி.எஸ். மறுபக்கத்து ஆர்.டி.எஸ்.-க்கும் நேராகப் போக வேண்டும். குறுக்குக் கேபிள் என்பது இரண்டு கணினிகளை, அதாவது ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு கருவிகளை, நேருக்கு நேர் இணைப்பதற்கு உரியது. மோடத்துக்கு அதைப் பயன்படுத்தினால் இரண்டு பேச்சாளர்களும் ஒரே கம்பியில் மோதிக்கொள்வார்கள், கேட்பதற்கு எவரும் இருக்க மாட்டார்கள்.

'நேர்' என்ற சொல்லை எண்ணுக்கு எண் என்று புரிந்துகொள்வதில்தான் அடுத்த சிக்கல் ஒளிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒன்பது பின் இருந்தால் 1-க்கு 1, 2-க்கு 2 என்று ஒன்பதையும் அப்படியே இணைத்துவிடலாம். ஆனால் மோடம் பழையதாக இருந்து 25 பின் கொண்டதாக இருந்தால் எண்கள் பொருந்தாது. மூலத் தரநிலையோடு வழங்கிவந்தது 25 பின் கனெக்டர். ஒன்பது பின் வடிவத்தை 1984-இல் ஐ.பி.எம். தன் பி.சி.-ஏ.டி. கணினியோடு கொண்டுவந்தபோது வரிசையை மாற்றி அமைத்துவிட்டது. டி.எக்ஸ்.டி. 25 பின்னில் 2. ஒன்பது பின்னில் அது 3. ஆர்.எக்ஸ்.டி. இதற்கு நேர்மாறு. எனவே ஒன்பதிலிருந்து 25-க்குப் போகும் நேர் கேபிளில் 2-உம் 3-உம் இடம் மாறியே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இது கிராஸ் கேபிள்" என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கீழே உள்ள பட்டியலை ஒரு தாளில் எழுதி, வேலை செய்யும் மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் எண் ஒன்பது பின் கனெக்டருக்கும், இரண்டாவது 25 பின் கனெக்டருக்கும் உரியது.

டி.சி.டி. (எதிர்முனைத் தொடர்பு கிடைத்தது): 1, 8, மோடம் சொல்வது
ஆர்.எக்ஸ்.டி. (பெறும் தரவு): 2, 3, மோடம் சொல்வது
டி.எக்ஸ்.டி. (அனுப்பும் தரவு): 3, 2, கணினி சொல்வது
டி.டி.ஆர். (கணினி தயார்): 4, 20, கணினி சொல்வது
ஜி.என்.டி. (பொதுத் தரை): 5, 7, இருவருக்கும் பொது
டி.எஸ்.ஆர். (மோடம் தயார்): 6, 6, மோடம் சொல்வது
ஆர்.டி.எஸ். (அனுப்ப அனுமதி கோரல்): 7, 4, கணினி சொல்வது
சி.டி.எஸ். (அனுப்பலாம் என்ற இசைவு): 8, 5, மோடம் சொல்வது
ஆர்.ஐ. (மணி அடிக்கிறது): 9, 22, மோடம் சொல்வது

25 பின் கனெக்டரில் 1-ஆம் பின் கேபிளின் உறைக்கம்பிக்கு உரியது. மீதமுள்ள பின்கள் நம் வேலைக்குத் தேவையில்லை.

ஒயரைத் தொடுவதற்கு முன் மீட்டரை வையுங்கள்

எந்தக் கருவி எந்த வகை என்பதைப் பெட்டியின் மேலுள்ள எழுத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. சில எடைக் கருவிகளும் சில மோடம் போர்டுகளும் வழக்கத்துக்கு மாறாக இணைக்கப்பட்டிருக்கும். மீட்டர் பொய் சொல்லாது. ஆர்.எஸ்.-232-இல் தரவுக் கம்பி சும்மா இருக்கும்போது அதை அனுப்பும் பக்கம் எதிர்மின்னழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கும். கம்பியைக் கேட்கும் பக்கத்திலோ 3,000 முதல் 7,000 ஓம் வரையிலான தடை வழியாகத் தரையோடு தொடர்பு மட்டுமே இருக்கும். ஆகவே அங்கே மீட்டர் பூஜ்யத்தையோ அதற்கு மிக அருகிலுள்ள எண்ணையோதான் காட்டும்.

கேபிள் எதையும் செருகாமல், கணினியை இயக்கி, மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கம்பியை 5-ஆம் பின்னிலும் சிவப்புக் கம்பியை 3-ஆம் பின்னிலும் வைத்தால், மீட்டர் கழித்தல் குறியோடு 5 முதல் 12 வோல்ட் வரை ஏதோ ஓர் அளவைக் காட்ட வேண்டும். 2-ஆம் பின்னில் ஏறக்குறைய பூஜ்யம் இருக்க வேண்டும். பிறகு மோடத்துக்கு மின்சாரம் கொடுத்து, அதன் போர்ட்டிலும் இதே போல அளந்து பாருங்கள். ஒன்பது பின் மோடமாக இருந்தால் 2-ஆம் பின்னில் எதிர்மின்னழுத்தம் இருக்கும், 3-இல் பூஜ்யம் இருக்கும். 25 பின் மோடமாக இருந்தால் கறுப்புக் கம்பியை 7-இல் வைக்க வேண்டும்; எதிர்மின்னழுத்தம் 3-ஆம் பின்னில் இருக்கும். இப்படி இருந்தால் கணினி பேசும் இடத்தில் மோடம் கேட்கிறது, மோடம் பேசும் இடத்தில் கணினி கேட்கிறது என்று பொருள். நேர் கேபிளே போதும். ஒன்பது பின் கொண்ட இரண்டு கருவிகளிலும் 3-ஆம் பின்னே எதிர்மின்னழுத்தம் காட்டினால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், குறுக்குக் கேபிள்தான் வேண்டும்.

அளக்கும்போது மீட்டரின் முனை இரண்டு பின்களை ஒன்றாகத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரநிலைப்படி செய்யப்பட்ட போர்ட் அப்படிப்பட்ட ஷார்ட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றாலும், வீணாகச் சோதிக்க வேண்டாம். கணினியின் 25 பின் போர்ட்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: பழைய கணினிகளின் பின்புறத்தில் குழிகள் கொண்ட, அதாவது பெண் வகை, 25 பின் போர்ட் இருந்தால் அது பிரிண்டருக்கானது. சீரியல் போர்ட் ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் வகையாகவே இருக்கும்.

சிம் கார்டு செருகும் வெறும் ஜி.எஸ்.எம். மாட்யூலை வாங்கி வந்திருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். அந்தச் சிறு போர்டில் டி.எக்ஸ்., ஆர்.எக்ஸ். என்று எழுதப்பட்ட ஊசிகள் மட்டும் இருந்து, ஒன்பது பின் கனெக்டர் இல்லாமல் இருந்தால், அவை 3 அல்லது 5 வோல்ட் அளவிலான லாஜிக் ஊசிகள். கணினியின் சீரியல் போர்ட் கூட்டல் 12-க்கும் கழித்தல் 12-க்கும் இடையே ஊசலாடுவது. அதை நேரடியாக இணைத்தால் மாட்யூல் பாழாகிவிடும். இடையே மேக்ஸ்-232 போன்ற ஐ.சி. கொண்ட மாற்றி போர்டு கட்டாயம் இருக்க வேண்டும். அந்த ஐ.சி.-யில் அனுப்ப இரண்டு வழியும் பெற இரண்டு வழியும்தான் உண்டு என்பதால், இப்படிப்பட்ட போர்டுகளில் டி.எக்ஸ்.டி., ஆர்.எக்ஸ்.டி., ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். ஆகிய நான்குக்கு மேல் இருக்காது. பலவற்றில் முதல் இரண்டு மட்டுமே இருக்கும்.

வாங்க வேண்டியவை

கணினியின் போர்ட் ஆண் வகை என்பதால் கேபிளின் கணினி முனைக்கு ஒன்பது பின் பெண் கனெக்டர் ஒன்று வேண்டும். மோடத்தின் போர்ட் பொதுவாகப் பெண் வகை. ஆகவே கேபிளின் மறுமுனைக்கு ஒன்பது அல்லது 25 பின் ஆண் கனெக்டர். இரண்டும் ஒயரைச் சால்டர் செய்வதற்கான கிண்ண முனை கொண்டவையாக இருக்கட்டும், பி.சி.பி.-யில் பதிக்கும் வகையைத் தவறுதலாக எடுத்துவந்துவிட வேண்டாம். இரண்டு கனெக்டர்களுக்கும் பின்புறத்தை மூடும் ஹூட் தேவை. கேபிளைப் பிடித்து இறுக்கும் கிளாம்ப் ஹூட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளூர்க் கடையில் கிடைக்காவிட்டால் காட்பாடியிலிருந்து ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பல இழைகள் கொண்ட ஒன்பது ஒயர், மேலே அலுமினியத் தாள் உறை, அதோடு ஒட்டி ஓடும் வெற்றுக்கம்பி (உறைக்கம்பி) ஆகியவை கொண்ட ஷீல்டு கேபிளே சரியானது. நெட்வொர்க் கேபிள் கையிருப்பில் இருக்கிறதே என்று பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். அதில் எட்டு ஒயர்தான் உண்டு, ஆர்.ஐ.-யை விட்டுவிட்டால் ஒப்பேற்றலாம். ஆனால் ஒற்றைக் கம்பி கொண்ட நெட்வொர்க் கேபிள் நாலைந்து முறை வளைந்தாலே சால்டர் வைத்த இடத்தில் முறிந்துவிடும், டி.எக்ஸ்.டி.-யும் ஆர்.எக்ஸ்.டி.-யும் ஒரே முறுக்கு ஜோடிக்குள் வந்துவிட்டால் நீளமான கேபிளில் ஒன்றின் சத்தம் மற்றதில் கேட்கும். வேறு வழியே இல்லாவிட்டால் பல இழை கொண்ட பேட்ச் கேபிளை எடுத்து, அந்த இரண்டையும் வெவ்வேறு ஜோடிகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, பழைய தரநிலை 50 அடி, அதாவது ஏறக்குறைய 15 மீட்டர் என்று வரம்பு வைத்தது. பிற்காலத் திருத்தங்கள் நீளத்தை விட்டுவிட்டு, கேபிளின் மின்தேக்கு அளவு 2,500 பிக்கோஃபாரட்டுக்குள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கின்றன. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் நல்ல கேபிள் 15 மீட்டரையும் தாண்டி ஓடும்; ஆனால் மோடத்தைக் கணினிக்கு அருகிலேயே வைத்து, அலை கிடைக்கும் இடத்துக்கு ஆன்டெனா கேபிளை மட்டும் இழுப்பது எப்போதும் மேலானது. எடை மேடை அறைகள் தகரக் கூரை போட்டவையாக இருப்பதால் இந்தத் தேவை அடிக்கடி எழும்.

சால்டர் வைத்தல்

கனெக்டரின் பிளாஸ்டிக்கில், ஒவ்வொரு பின்னின் அருகிலும், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் அளவில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் பிடித்து அதைப் படித்த பிறகே ஒயரை வையுங்கள். ஆண் கனெக்டரை ஊசிகள் நம்மைப் பார்க்க, அகலமான பக்கம் மேலே இருக்கப் பிடித்தால் 1-ஆம் பின் இடது மேல் மூலையில் இருக்கும். அதையே சால்டர் வைக்கும் பின்புறத்திலிருந்து பார்த்தால் அது வலது மூலைக்குப் போய்விடும். பெண் கனெக்டரில் எல்லாம் தலைகீழ். மனத்தில் திருப்பிப் பார்த்து வேலை செய்வதைவிடப் பொறித்த எண்ணைப் படிப்பதே பாதுகாப்பு.

கேபிளின் மேலுறையை மூன்று செ.மீ. அளவுக்கு மட்டும் நீக்கி, ஒயர்களின் நுனியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு இன்சுலேஷனை எடுத்துவிடுங்கள். இழைகளை விரலால் முறுக்கி ஒன்றாக்கி, அயர்னால் சூடாக்கிச் சால்டர் கம்பியைத் தொட்டால், ஈயம் இழைகளுக்குள் ஊறி வெள்ளிபோல் மின்னும். இப்படி எல்லா ஒயர்களுக்கும் முதலில் ஈயப்பூச்சு கொடுத்து வைத்துக்கொள்வது நல்லது. 25 வாட் அயர்ன் போதும். ஃப்ளக்ஸ் ரோசின் வகையாகவே இருக்க வேண்டும். தகர வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் அமிலத்தைத் தொடவே வேண்டாம். அது வைத்த இடத்தை மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் கனெக்டரை அதன் இணையான மற்றொரு கனெக்டரில் செருகிவிட்டு, அந்தச் செருகிய நிலையிலேயே சால்டர் வையுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகும்போது பின் சாய்ந்துவிடும்; எதிரே இன்னொரு கனெக்டர் பிடித்துக்கொண்டிருந்தால் அது நேராகவே ஆறும். ஒவ்வோர் ஒயரிலும் சூடுபட்டால் சுருங்கும் ஒன்றரை செ.மீ. ஸ்லீவைச் சால்டர் வைப்பதற்கு முன்பே கோத்துப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். பின்னின் கிண்ணத்தில் சிறிது ஈயத்தை உருக்கி நிரப்புங்கள்; ஈயம் இளகி இருக்கும்போதே ஒயர் நுனியை உள்ளே இறக்கி, அயர்னை எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு விநாடி ஒயரை அசையாமல் வைத்திருங்கள். ஆறும்போது அசைந்தால் சால்டர் சாம்பல் நிறமாகச் சொரசொரவென்று இருக்கும். அப்படித் தெரிந்தால் மறுபடியும் உருக்கிச் சரிசெய்ய வேண்டும். நன்றாக வைத்த சால்டரில் ஒயரின் இழை வரிகள் ஈயத்துக்கு அடியில் லேசாகத் தெரியும், மேற்பரப்பு பளபளக்கும். ஆறியபின் ஸ்லீவை முன்னால் தள்ளிக் கிண்ணத்தை மூடி, சூடு காட்டிச் சுருக்கிவிடுங்கள்.

உறைக்கம்பியைக் கணினி முனையில் மட்டும் கனெக்டரின் உலோக உடலோடு இணையுங்கள். மோடம் முனையில் அதைக் கத்தரித்து மூடிவிடலாம். இரண்டு பக்கமும் இணைத்தால், இரண்டு கருவிகளின் எர்த்துக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டால் உறை வழியே மின்சாரம் ஓடத் தொடங்கும். எக்காரணம் கொண்டும் உறைக்கம்பியை 5-ஆம் பின்னாகிய பொதுத் தரைக்கு மாற்றாகப் பயன்படுத்தாதீர்கள். கடைசியாக ஹூட்டின் கிளாம்ப் கேபிளின் மேலுறையை இறுகப் பிடிக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். இழுவை முழுவதும் மேலுறையில் நிற்க வேண்டும், சால்டருக்குப் போகக் கூடாது.

மூன்று ஒயர் போதாதா என்ற கேள்வி

போதும், ஆனால் எப்போது போதும் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். டி.எக்ஸ்.டி., ஆர்.எக்ஸ்.டி., தரை ஆகிய மூன்றை மட்டும் இணைத்துவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினால் வேலை நடக்கும். 9600 வேகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் தொடக்க பிட், எட்டுத் தரவு பிட், முடிவு பிட் எனப் பத்து பிட் செலவாவதால், விநாடிக்கு 960 எழுத்துகளே போகின்றன. ஒரு குறுஞ்செய்தியின் சிறு தரவை மோடம் எளிதில் விழுங்கிவிடும். பெரிய கோப்பை அனுப்பும்போதுதான் மோடத்தின் நினைவகம் நிரம்பி, "சற்றுப் பொறு" என்று சொல்ல வேண்டிய நிலை வரும். அதைச் சொல்வது சி.டி.எஸ். கம்பி. அந்தக் கம்பி இல்லாவிட்டால் கணினிக்கு அந்தச் சொல் எட்டாது. அது அனுப்பிக்கொண்டே இருக்கும், நடுவில் சில எழுத்துகள் காணாமல் போகும். இந்தக் கோளாறு சோதனையின்போது தலைகாட்டாமல், வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் மட்டும் வருவதால், கேபிளின் மேல் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

டி.டி.ஆர். கம்பிக்கும் அதே அளவு மதிப்பு உண்டு. தொலைபேசி மோடங்கள் பலவும் டி.டி.ஆர். சைகை நின்றுபோனால் இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டவை. கணினி நின்றுபோனாலும் மென்பொருள் உறைந்துபோனாலும் அழைப்பு தானாகவே முடிவதற்கு இதுதான் காரணம். ஆகவே மோடத்தில் ஒன்பது கம்பிகளும் இருந்தால் ஒன்பதையும் இணைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. கூடுதலாகும் ஆறு ஒயருக்குச் சால்டர் வைக்க அரைமணி நேரம்கூட ஆகாது.

மோடம் போர்டிலேயே மூன்று கம்பிகள்தான் இருக்கின்றன என்றால், மென்பொருளில் ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது மேலே சொன்ன 'சற்றுப் பொறு' ஏற்பாட்டை, 'இல்லை' என்று வைக்க வேண்டும். மென்பொருள் அதற்கு இடம் தராவிட்டால், கணினி முனைக் கனெக்டரில் 7-ஐயும் 8-ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிடலாம். 4, 6, 1 ஆகியவற்றை இன்னொரு கம்பியால் இணைக்கலாம். கணினி தன் கேள்விக்குத் தானே "ஆம்" என்று பதில் பெற்றுக்கொள்ளும். இது கணினியைத் திருப்திப்படுத்துவதற்கான ஏற்பாடு மட்டுமே. மோடத்தின் நிலையை அது சிறிதும் தெரிவிக்காது.

சோதனை

மின்சாரம் எதுவும் இல்லாத நிலையில் மீட்டரை பீப் ஒலி நிலைக்கு மாற்றி, பட்டியலின்படி ஒவ்வொரு கம்பியையும் முனைக்கு முனை சரிபாருங்கள். பீப் ஒலிக்கும்போதே கேபிளைக் கனெக்டருக்கு அருகில் வளைத்துப் பாருங்கள்; ஒலி விட்டுவிட்டு வந்தால் அங்கே சால்டர் சரியில்லை. பிறகு ஒவ்வொரு பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் இடையே ஒலி வரக் கூடாது. பலர் முதல் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். ஈயம் வழிந்து இரண்டு கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை இரண்டாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, கேபிளைக் கணினியில் மட்டும் செருகுங்கள். விண்டோஸ் எக்ஸ்.பி. வரை, சீரியல் போர்ட்டோடு எழுத்தில் பேச உதவும் ஹைப்பர்டெர்மினல் என்ற மென்பொருள் உடன் வந்தது. இப்போது புட்டி அல்லது டெராடெர்ம் போன்ற இலவச மென்பொருளையும், லினக்ஸில் மினிகாமையும் பயன்படுத்தலாம். யு.எஸ்.பி. மாற்றி வழியாக இணைப்பவர்கள், அதற்குக் கிடைத்திருக்கும் காம் எண் (போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கும் எண்) எது என்பதை டிவைஸ் மேனேஜரில் பார்த்துக்கொள்ள வேண்டும், வேறு யு.எஸ்.பி. துளையில் செருகினால் அந்த எண் மாறக்கூடும். வேகம் 9600, தரவு 8 பிட், பாரிட்டி இல்லை, முடிவு 1 பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இப்போதைக்கு இல்லை என்று வைத்துக்கொண்டு, கேபிளின் மறுமுனையில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு குண்டூசியால் தொடும்படி செய்யுங்கள். ஒன்பது பின்னானாலும் 25 பின்னானாலும் இதே எண்கள்தான். இப்போது விசைப்பலகையில் தட்டும் எழுத்து திரையில் தோன்றினால், அது கேபிள் முழுவதும் போய்த் திரும்பி வந்திருக்கிறது. குண்டூசியை எடுத்தவுடன் எழுத்து தோன்றுவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மென்பொருளே எழுத்தைத் திரையில் காட்டுகிறது என்று பொருள், அந்த அமைப்பை அணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

இனி இரண்டு கருவிகளையும் அணைத்து, மோடத்தைச் செருகி, திருகுகளை முடுக்கி, இயக்குங்கள். ஆங்கிலத்தில் 'ஏ', 'டி' என்ற இரண்டு எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் மோடம் 'ஓகே' என்று பதில் தரும். 1981-இல் ஹேஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்துக்கு வகுத்த இந்தக் கட்டளை முறை இன்றைய ஜி.எஸ்.எம். மோடம் வரை தொடர்கிறது. நீங்கள் அடிக்கும் எழுத்துகளையும் மோடம்தான் திருப்பி அனுப்புகிறது என்பதால், அவை திரையில் தெரிந்தாலே தரவுக் கம்பிகள் இரண்டும் சரி. 'ஓகே' வந்த பிறகு ஃப்ளோ கன்ட்ரோலை ஆர்.டி.எஸ்.-சி.டி.எஸ். முறைக்கு மாற்றி மறுபடியும் அதே கட்டளையை அடியுங்கள். முன்பு வந்த பதில் இப்போது வராவிட்டால் 7, 8 ஆகிய இரண்டு கம்பிகளைச் சந்தேகிக்கலாம். ஜி.எஸ்.எம். மோடத்தில், ஏ.டி.+சி.எஸ்.க்யூ என்ற கட்டளைக்கு 0 முதல் 31 வரையிலான அலை வலிமை எண் வரும். 99 என்று வந்தால் அலையை மோடத்தால் அறிய முடியவில்லை, ஆன்டெனாவைப் பாருங்கள்.

பதிலுக்கு மாறாகப் புரியாத குறிகள் கொட்டினால் கேபிளில் குற்றமில்லை, வேகம் பொருந்தவில்லை. எதுவுமே வராவிட்டால் காம் எண்ணையும், பிறகு மோடத்தின் மின்சாரத்தையும் பாருங்கள். 'ஓகே' சரியாக வந்து, குறுஞ்செய்தி அனுப்பும்போது மட்டும் மோடம் அணைந்து மீண்டும் எழுந்தால் அடாப்டருக்குப் போதிய திறன் இல்லை, ஜி.எஸ்.எம். மாட்யூல் அலையை வெளியிடும் கணத்தில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும்.

தோல் ஷெட்டுகளிலும் கோடை இடியிலும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய இடங்களில் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குள் கேபிள் போட வேண்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடும் சேர்க்கிறார்கள். அந்த நீர் அமிலத்தோடு கலக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அழுகிய முட்டை வாடையாக நாம் உணர்வது அதுதான். அந்த வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். அப்படிப்பட்ட இடத்திலிருந்த பழைய கேபிளை உரித்தால், ரோஜா நிறத்தில் மின்ன வேண்டிய இழைகள் கரி பூசியதுபோல இருக்கும். எவ்வளவு சூடு காட்டினாலும் ஈயம் அவற்றின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடும், ஒட்டாது. அந்தக் கேபிளைச் சுரண்டிச் சரிசெய்ய முயலாமல், செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டி எறியுங்கள். புதிதாகப் போடும்போது ஈயம் பூசிய செம்பு இழை கொண்ட ஒயரையும், தங்கமுலாம் பூசிய பின் கொண்ட கனெக்டரையும் வாங்குங்கள். ஹூட்டில் கேபிள் நுழையும் துளையை சிலிக்கான் பசையால் அடைத்துவிடுங்கள். மோடத்தையும் கணினியையும் ஊறல் தொட்டிகளிலிருந்து விலகிய அறையில் வைக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

கணினியையும் மோடத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து, முடிந்தால் ஒரே யு.பி.எஸ்.-இலிருந்து, இயக்குங்கள். சீரியல் கேபிளில் தரை நேரடியாக இணைக்கப்படுவதால், இரண்டு கருவிகளும் வெவ்வேறு அறைகளின் எர்த்தில் நின்றால் அந்த வேறுபாடு முழுவதும் 5-ஆம் பின் வழியாகத்தான் பாயும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் உச்சத்தில் இருந்து மாலையில் திடீரென இடியோடு மழை பிடிக்கும் நாட்களில், தொலைபேசிக் கம்பி செருகிய மோடமானால் அந்தக் கம்பியையும், வெளியே கம்பத்தில் ஆன்டெனா வைத்த மோடமானால் ஆன்டெனாவையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

அரிசி மண்டியிலும் ஆலையிலும் கேபிளைத் தரையோரம் வெறுமனே ஓட விடாமல் பி.வி.சி. குழாய்க்குள் போட்டு, குழாயின் இரண்டு வாயையும் அடைத்துவிட்டால் எலித் தொல்லை இருக்காது. ஹூட்டை மூடிய பின், இரண்டு முனைகளிலும் 'கணினி', 'மோடம்' என்று எழுதி, '9-25 நேர், ஒன்பது கம்பி' என்றோ '9-9 நேர், மூன்று கம்பி, 7-8 இணைப்பு' என்றோ செய்த விதத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் குறித்து, கேபிளின் மேல் ஒளி ஊடுருவும் ஸ்லீவுக்குள் வைத்துச் சுருக்கிவிடுங்கள். அடுத்த முறை இந்தக் கேபிளைக் கையில் எடுப்பவர் ஹூட்டைத் திறக்காமலே தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வார்.